கூண்டுக்குள் ஒரு ஸ்கூட்டி

பக்கத்து வீட்டு மாடு விடிகாலையில் கத்தினால் எனக்கு முதலில் விழிப்பது கண் அல்ல, இடது கை. போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, விரல்களைக் குவித்து, எங்கே எங்கே என்று காற்றில் தேடுகிறது. மாட்டுக்குப் பசிக்கு ஒரு கத்தல், கன்றுக்கு ஒரு கத்தல், பருவத்துக்கு ஒரு கத்தல். மூன்றாவதில் அடக்கம் ஒடுக்கம் எதுவும் இருக்காது. எனக்கு ஆசை வந்துவிட்டது, அத்தனை பேரும் எழுந்திருங்கள் என்று தெருவுக்கே அறிவிக்கிற கத்தல் அது. அறந்தாங்கியில் எங்கள் தெருவில் இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற ஜீவன் வேறு கிடையாது.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தவள். ஆய்வாளர் என்றதும் போலீஸ் என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்தவர்கள் உண்டு. நான் ஆய்ந்ததெல்லாம் மாட்டின் பின்பக்கத்தைத்தான். மாட்டைக் கருத்தரிக்க வைக்கிற சினை ஊசி போடுவது என் வேலை. விருப்ப ஓய்வில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது எங்கள் ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, "பணியில் மறக்க முடியாத அனுபவம், இளையோருக்கு ஊக்கமளிக்கும் வகையில், பாஸ்போர்ட் அளவு புகைப்படத்துடன்" கேட்டிருக்கிறார்கள். புகைப்படம் இணைத்திருக்கிறேன். ஊக்கத்துக்கு நான் பொறுப்பல்ல.

ஏனென்றால் இளையவர்கள் போனில் கேட்பது வேறு. "அக்கா, இந்த வேலைல இருக்கலாமா, விட்றலாமா?" ஒருத்திக்கு வங்கித் தேர்வு, ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குச் சாணி நாற்றம். எனக்கு என்ன தெரியும்? நான் ஒரு தடவை விடப் பார்த்து இருந்தவள், ஒரு தடவை இருக்கச் சொல்லியும் விட்டவள். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முடிவை நீங்களே கட்டி மேய்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பண்ணை, ஒரு விடுதி, தினமும் சாம்பார். கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். நம்பினேன். முதலில் மீமிசல் பக்கம் போட்டார்கள். கடற்கரை ஊர். அங்கே மீன் வந்து இறங்கும்போது மாடு சாகக் கிடந்தாலும் ஆள் திரும்பிப் பார்க்காது. மாட்டுக் கொட்டகையில்கூடக் கருவாட்டு வாசம். பிறகு அரிமளம் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் கதிரேசன் டாக்டர் இருந்தார்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மனிதர்களுக்கு அவர் மரியாதை தரமாட்டார், மாடுகளுக்குத் தருவார். மருந்தக வாசலில், வேப்பமரத்தை ஒட்டி, மாட்டை அசையாமல் நிறுத்துகிற இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. மாடு உள்ளே நுழையும்போது, "வாங்கம்மா, வாங்க, தலையப் பாத்து" என்பார். காளை என்றால் "வாங்கய்யா." மாட்டைப் பிடித்துவந்த ஆளைப் பார்த்து, "யோவ், வாலப் புடிய்யா. என்னமோ மாமியா கையப் புடிக்கிற மாதிரி கூச்சப்படுற?" என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் 'ஊசி'. "ஏ ஊசி, இங்கிட்டு வா." கலெக்டர் வந்த அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம். சிகிச்சை முடிந்ததும் கூண்டின் முன்கம்பியை உடனே தூக்க விடமாட்டார். மாட்டின் முன்னால் போய் நிற்பார். நெற்றியில் கையை வைப்பார். அது ஒரு மூச்சு விடும்வரை காத்திருப்பார். "அவ்வளவுதாங்கம்மா. நீங்க போகலாம்" என்பார். பிறகுதான் கம்பி மேலே போகும். மாடு அவசரமே இல்லாமல், ஏதோ கோயிலில் தரிசனம் முடித்ததுபோல, வெளியே நடந்து வரும். "மாட்டுக்கு என்ன சார் புரியப் போகுது?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒனக்கு மட்டும் நான் சொல்றதெல்லாம் புரியுதாக்கும்?" என்றார்.

என் வேலைக்கும் ஒரு சடங்கு உண்டு. நைட்ரஜன் கேனின் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை கால் வரைக்கும் இறங்கும். அதற்குள்ளிருந்து, உறைந்த விந்து அடைத்த மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, ஈரம் துடைத்து, முனையை வெட்டி, நீண்ட கம்பியில் பொருத்த வேண்டும். இடது கையில் தோள் வரைக்கும் உறை. அந்தக் கை உள்ளே போய்க் கருப்பையின் கழுத்தைத் தேடிப் பிடிக்கும். வலது கை கம்பியை அந்தக் கழுத்து வழியே செலுத்தும். வலது கைக்கு எழுதத் தெரியும், சமைக்கத் தெரியும், வணக்கம் சொல்லத் தெரியும். ஆனால் உள்ளே அதற்கு வழி சொல்வது இடது கைதான்.

இதையெல்லாம் ஒரு பெண் செய்கிறாள் என்பதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஊர் ஆண்களுக்குத்தான். மீசையை முறுக்கிக்கொண்டு வருவார்கள். என்னைப் பார்த்ததும் மீசை தொங்கிவிடும்.

"என்னண்ணே?"

"மாடுங்க..."

"மாட்டுக்கு என்ன?"

"ஒரு மாதிரி இருக்குங்க."

"கத்துதா?"

"வீட்டுல பொம்பளையாளுகள அனுப்புறேன், அவுக சொல்லுவாக."

அப்படி வந்தவர்தான் செல்லக்கண்ணு அண்ணன். பக்கத்துக் கிராமத்துக்காரர். அவரிடம் குட்டையான நாட்டுப் பசு ஒன்று இருந்தது. அது ஈன்ற காளை வாடிவாசலில் பெயர் எடுத்தது, யாரும் தொட முடியாத காளை. அவர் மகன் வெளிநாட்டிலிருந்து, பால் தராத மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், சீமை மாட்டு ஊசி போடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். மருமகள் தேவி மாட்டை ஓட்டி வந்தாள். கன்று பெரிதாகிவிடாத இனமாகப் பார்த்துப் போட்டேன். செல்லக்கண்ணு அண்ணன் தள்ளி நின்று வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்தேன்.

மாடு சினையாக இருந்த அந்த மாதங்களில்தான் என் வீட்டிலும் பேச்சு முற்றியது. என் வீட்டுக்காரர் ரவி ஷார்ஜாவில் ஒரு பெரிய கடையின் சரக்குக் கிடங்கில் இருந்தார். எங்கள் மகளிடம் "அப்பா எங்கே?" என்று கேட்டால் கைபேசியைக் காட்டுவாள். அந்த வருடம் அவருக்குப் பதவி உயர்ந்தது, குடும்ப விசா கிடைத்தது, ஏழாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டும் பார்த்துவிட்டார். "இனி லீவு போட்டு வந்து விருந்தாளி மாதிரி ஒங்க வீட்டுல உக்கார முடியாது. கெளம்பி வா, மூணு பேரும் ஒண்ணா இருப்போம்" என்றார். நியாயமான பேச்சு. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. கையை உள்ளே விட்டு ஒரு கரு பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கும்போது, இருட்டுக்குள் விரல் நுனியில் இன்னும் மாடாகாத ஒன்று மெல்லத் துள்ளும். அதைக் காரணம் என்று எந்தப் புருஷனிடம் சொல்ல முடியும்?

ராஜினாமா எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். படித்தார். எழுந்துபோய் மருந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, கோமாரித் தடுப்பூசிக்கும் நாய்க்கடித் தடுப்பூசிக்கும் நடுவே அதைச் செருகிவிட்டு மூடினார்.

"என்ன சார் இது?"

"சூட்டோட குடுத்திருக்க. ஆறட்டும்."

"யோசிச்சுத்தான் சார் எழுதுனேன்."

"யோசிச்சவ எதுக்கு ஒரே தாள்ல இத்தன 'பணிவன்புடன்' எழுதுற? போறவளுக்கு என்ன பணிவு? வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் குளிர்ல கெடக்கட்டும். அப்பவும் வேணும்னா நானே எடுத்து அனுப்புறேன்."

வியாழக்கிழமை மதியம். டாக்டர் பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குத் தகுதி பார்க்கப் போயிருந்தார். தேவி போன் செய்தாள். "அக்கா, மாடு காலையிலேருந்து முக்குது. கால் ரெண்டும் வெளிய தெரியுது. இழுத்தா வரல." கன்று ஈனுவதில் சிக்கல் என்றால் அது டாக்டரின் வேலை, என் வேலை இல்லை. அவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. தகவல் சொல்லச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், ஆள் சேர்த்துத் தேர் இழுப்பதுபோலக் கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். பசு படுத்துவிட்டது. கண் வெளுத்திருந்தது. "கயித்த விடுங்க மொதல்ல!" என்று கத்தினேன். செல்லக்கண்ணு அண்ணனின் மச்சான் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க ஊசிக்காரம்மா. நாட்டு மாட்டுக்குச் சீம ஊசி போட்டீகல்ல? பூசணிக்கா கணக்கா வளந்து அடச்சுக்கிட்டு நிக்கிது. இப்ப மாடு போகப் போகுது."

"சித்தப்பா, செத்த சும்மா இருங்க" என்றாள் தேவி. செல்லக்கண்ணு அண்ணன் அன்றைக்கும் வாசல் மரத்தின் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்புத் தண்ணீர் கேட்டேன், நல்லெண்ணெய் கேட்டேன். வைக்கோலில் ஒருக்களித்துப் படுத்து இடது கையை உள்ளே விட்டேன். முன்னங்கால்கள் சரியாக இருந்தன. தலை இல்லை. கழுத்து இருந்தது, அது பக்கவாட்டில் மடங்கிப் பின்னால் போயிருந்தது, தூங்குகிற வாத்து மாதிரி. இப்படி இருக்கும்போது இழுக்க இழுக்க அது இன்னும் மடங்கும். முதலில் கன்றை உள்ளே தள்ள வேண்டும். வெளியே வரத் துடிப்பதை உள்ளே தள்ளு என்றால் ஊருக்குப் புரியாது. பசு முக்கும்போது சும்மா இருந்து, அது மூச்சு வாங்கும்போது மட்டும் தள்ள வேண்டும். அது முக்கினால் என் கை எலும்பு நொறுங்குவதுபோல இருக்கும்.

"தேவி, என் போன எடுத்து டாக்டருக்கு அடிச்சுக்கிட்டே இரு."

கொஞ்ச நேரத்தில் போன் ஒலித்தது. தேவி திரையைப் பார்க்காமலே எடுத்து என் தலைக்குப் பின்னால் நீட்டினாள். எனக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை. கன்னம் பசுவின் தொடையில் ஒட்டிக் கிடந்தது.

"சார், தல எடது பக்கமா மடங்கிக் கெடக்கு. உள்ள தள்ளிட்டுத் திருப்பப் பாக்குறேன். சரிதானே சார்?"

பதில் இல்லை.

"சார்?"

"நான்தான்" என்றார் ரவி. "வீடியோ கால்ல வந்தேன். எங்க கெடக்குற நீ? என்ன சத்தம் அது? ஒன் கைய எங்க காணோம்?"

"உள்ள இருக்கு. பேசாம இருங்க."

"எதுக்குள்ள?"

"பேசாம இருங்கன்னேன்ல! தேவி, போன அங்கிட்டு வச்சுட்டுக் கயித்தப் புடி."

தேவி போனை வைக்கோல் போரில் செருகிவிட்டு ஓடி வந்தாள். அது அணையவில்லை. எங்களைப் பார்த்தபடியே நின்றது. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, என் புருஷன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. எனக்கு அந்த நேரம் புருஷன் இல்லை, மகள் இல்லை, விசா இல்லை, ஃப்ரிட்ஜுக்குள் கடிதம் இல்லை. ஐந்து விரல் இருந்தது. அதன் நுனியில் ஒரு காது. காதிலிருந்து கண்குழி. கண்குழியிலிருந்து தாடை. கன்றின் பல் கருப்பையைக் கிழித்துவிடாமல் மூக்கையும் வாயையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, பசு மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில் திருப்பினேன். தலை வழுக்கிக்கொண்டு நேராக வந்து இரண்டு முழங்காலுக்கும் மேலே உட்கார்ந்தது. என் உள்ளங்கைக்குள் நாக்கு ஒன்று அசைந்தது.

"இப்ப இழுங்க. அது முக்கும்போது மட்டும். நேரா இழுக்காதீக, கீழ பாத்து இழுங்க."

வந்து விழுந்தது. மூக்கிலிருந்து சளியை வழித்தேன். மூச்சில்லை. ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுக் குடைந்தேன். நெஞ்சைத் தேய்த்தேன். பிறகு ஒரு தும்மல்.

"உசுரோட இருக்கா?" என்றது வைக்கோல் போர்.

எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "எங்க வீட்டுக்காரர்" என்றேன். செல்லக்கண்ணு அண்ணன் எழுந்துபோய்ப் போனுக்கு முன்னால் குனிந்து, "ஷார்ஜாவுலேருந்தா? உசுரோட இருக்கு மாப்ள. சாப்டீகளா?" என்று விசாரித்தார்.

அப்போதுதான் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்த தேவி சொன்னாள்: "மாமா, இதுக்குத் திமில் இருக்கு."

பார்த்தேன். தோள்பட்டைக்கு மேலே குட்டியாக ஒரு மேடு. கழுத்தில் தொங்குகிற தாடி. சுத்தமான நாட்டுக் காளைக்கன்று. நான் போட்ட சீமை ஊசியில் திமிலுக்கு வழியே இல்லை. செல்லக்கண்ணு அண்ணன் மறுபடியும் மரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குள் டாக்டரின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கன்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"யோவ் செல்லக்கண்ணு. இது நம்ம ஆபீஸ் கன்னு இல்லையே."

"சாமி குடுத்தது சார்."

"சாமியா? சாமி மாடா?"

உண்மை வந்தது. மகன் வாயை அடைக்கக் காலையில் ஊசி போட்டிருக்கிறார். வாடிவாசலில் நிற்க வாரிசு வேண்டுமே என்று அன்றைக்குச் சாயங்காலமே ஊர்க் கோயில் காளையிடம் விட்டிருக்கிறார். பிறப்பது இரண்டில் எதுவானாலும் ஒருவர் சந்தோஷப்படுவார் என்பது அவர் கணக்கு. பூசணிக்காய் சொன்ன மச்சான், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே நழுவினார். தேவி சிரித்துச் சிரித்து வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது கிடேரி, அதாவது பெண் கன்று, மட்டும் பிறக்கிற ஊசி வந்திருக்கிறது என்கிறார்கள். செல்லக்கண்ணு அண்ணன்களுக்கு எதிராக விஞ்ஞானத்தால் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் பசுவின் உள்ளே ஒருமுறை பார்த்தார். கிழிசல் இல்லை. மருந்து ஏற்றினார். அது காலை ஊன்றி எழுந்ததும் முன்னால் போய் நெற்றியில் கை வைத்தார். மூச்சுக்குக் காத்திருந்தார். "அவ்வளவுதாங்கம்மா. நீங்க போகலாம்" என்று கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது கன்றிடம் போனது. என்னைப் பார்த்து, "ஏ ஊசி, கைய நல்லாக் கழுவு" என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ரவி கூப்பிட்டார்.

"என்ன?" என்றேன்.

"ஏழாவது மாடி. லிஃப்ட்ல மாடு ஏறாது."

"வர வேணாங்குறீங்களா?"

"ஏய், அப்படிச் சொல்லல. நீ வந்தா எனக்குச் சந்தோசம். ஆனா வந்துட்டு அந்தக் கைய எங்க வச்சுக்குவ? அதான் மத்தியானத்துலேருந்து யோசிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை டாக்டர் ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றார். "எடுக்கவா?" "இருக்கட்டும் சார்" என்றேன். மூடிவிட்டார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பின்னால் அந்த ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் ஏலத்தில் போனது. என் பணிவன்புகளை எந்த இரும்புக் கடைக்காரர் படித்தாரோ.

நான் இருந்தது சரி என்று யாரும் எனக்குச் சான்றிதழ் தரவில்லை. ரவி வேலையை விட்டு நிரந்தரமாக வந்து இறங்கியபோது மகள் ஹைஸ்கூலுக்குப் போய்விட்டாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில், "ஸ்கிரீன்ல உயரமாத் தெரிஞ்சாரும்மா" என்றாள். அவர் காதிலும் விழுந்தது. சிரித்தார். அன்றைக்கு நான் அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றேன். இளைய தோழிகளே, இதையும் சேர்த்துத்தான் நான் இருந்தேன் என்பது.

விட்ட கதை சின்னது. இடது தோள் முதலில் வலித்தது. பிறகு மரத்தது. ஒருநாள் சினை பார்க்கக் கையை விட்டேன். கை எதுவும் சொல்லவில்லை. உள்ளே கரு இருந்ததா, இல்லையா, கடவுளுக்கும் மாட்டுக்கும்தான் தெரியும். கை குருடாகிவிட்டது. மாவட்ட அலுவலகத்தில் நாற்காலி தருகிறோம், கணினியில் தகவல் ஏற்றினால் போதும், இன்னும் எவ்வளவோ வருடம் இருக்கிறதே, இருங்கள் என்றார்கள். மாட்டைத் தொடாத கால்நடைத் துறை எனக்கு எதற்கு? முதல் தடவை விட நினைத்தபோது எத்தனையோ நாள் யோசித்தேன். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது.

கடைசி நாள். டாக்டருக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இடையில் எங்கெங்கோ மாற்றியும் திரும்பி வந்துவிட்ட மனிதர். சால்வை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். ஒருவர் என் சேவையைப் பற்றிப் பேசும்போது சினை ஊசி என்ற சொல்லைத் தவிர்த்துத் தவிர்த்துப் பேசி வியர்த்துப்போனார். டாக்டர் பேச எழவில்லை. "மாட்டு ஆஸ்பத்திரில என்னய்யா மைக்கு?" என்று வெளியே போய்விட்டார்.

நான் வந்த நாளிலிருந்து என் ஸ்கூட்டியை அந்த இரும்புக் கூண்டுக்குள்தான் நிறுத்துவேன். வேப்பமரத்து நிழல் அங்கேதான் விழும். மாடு வந்தால் வெளியே எடுப்பேன், போனால் உள்ளே விடுவேன். அன்றைக்கும் சால்வையை ஹேண்டிலில் சுற்றிவிட்டு உள்ளே போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். முன்கம்பி போட்டிருந்தது. இறங்கித் தூக்க இரண்டு கையும் வேண்டும், இடது கை மேலே வரவில்லை.

டாக்டர் மரத்தடியிலிருந்து வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே நின்றார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கையை ஸ்கூட்டியின் நெற்றியில், விளக்குக்கு மேலே, வைத்தார். அப்படியே நின்றார். எனக்கு எதற்கோ பெருமூச்சு வந்தது. அவர் கம்பியை மேலே தூக்கினார்.

"அவ்வளவுதாங்கம்மா. நீங்க போகலாம்."